ஓட்டிப் பார்க்க மட்டும்

ரிட்டயராகப் போகிற வயதில் ஒருத்தி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறேன் என்று கிளம்பினால், கூட இருக்கிறவள் புத்தி சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அவள் பின்னால் ஷோரூம் ஷோரூமாக அலைந்தேன். எனக்குக் கார் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. கிளட்ச் எது பிரேக் எது என்றுகூடத் தெரியாது. ஆனால் டெல்லியில் கார் வாங்குகிறவள் டெல்லியை விட்டுப் போகமாட்டாள் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் அத்தனை அலைச்சலும்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அவள் எனக்குப் பக்கத்து வீடு. ஒரே அமைச்சகம், வேறு வேறு செக்‌ஷன். அவள் கோயம்புத்தூர்க்காரி, நான் திருநெல்வேலி. அவளுடைய கணவர் இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளை கனடாவில் செட்டிலாகிவிட்டான். எனக்குக் கல்யாணம் என்ற ஒன்று நடக்கவேயில்லை. காலையில் பஸ்ஸுக்குச் சேர்ந்து போவோம், சாயங்காலம் சேர்ந்து வருவோம். அவள் வீட்டில் ரசம் வைத்தால் என் வீட்டில் பொரியல். இப்படியே ஆயுசு ஓடிவிட்டது, குறையொன்றும் தெரியவில்லை.

ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகவேண்டும். அப்புறம் எங்கே என்பதுதான் ஐம்பது தாண்டிய டெல்லித் தமிழர்கள் கூடினால் பேசுகிற பேச்சு. பாதிப் பேர் ஊர் என்பார்கள், மீதிப் பேர் ஊரில் யார் இருக்கிறார்கள் என்பார்கள். அவள்தான் முதலில் சொன்னாள். "ஊருக்குப் போயி என்ன பண்றது புள்ள? துவாரகாவுல எதிரெதிர் வீடா ரெண்டு பாத்து வாங்கிப்போடலாம். கதவத் தொறந்தா உன்ற மூஞ்சி." நான் அவள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அவளே வந்து பார்த்து, தண்ணீர் வருகிறதா, லிஃப்ட் ஓடுகிறதா என்று விசாரித்து, சமையலறைக்கு இந்த டைல்ஸ்தான் என்று கை காட்டிய வீட்டை என் பேரில் வாங்கினேன்.

எதிர் வீட்டை மட்டும் அவள் வாங்கவில்லை. முதலில் ஆடி மாதம் என்றாள். பிறகு பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றாள். பிறகு, முதலில் கார், அப்புறம் வீடு என்றாள். அந்த வீட்டுச் சொந்தக்காரர் ஒரு பஞ்சாபிப் பெரியவர். மாதம் தவறாமல் நான் அவரைப் போய்ப் பார்த்து, "என் சிநேகிதி நிச்சயம் வாங்குவாள், பாயி சாப், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்று கெஞ்சிவிட்டு வருவேன். அவர் அச்சா, அச்சா என்று தலையாட்டுவார். அடுத்தவள் வாங்கவேண்டிய வீட்டுக்கு நான் கெஞ்சினேன். அதில் ஒரு வெட்கமும் எனக்கு இருக்கவில்லை.

கார் ஆசை அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அது எப்போதுமே இருந்ததாம். கணவர் கடைசிவரை ஸ்கூட்டரைத் தாண்டவில்லை. அவர் போன பிறகு இவளே டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு பழைய சின்னக் காரை உருட்டிக்கொண்டிருந்தாள். இப்போது ஊரில் பாகம் பிரித்ததில் அவள் கைக்கும் கொஞ்சம் வந்திருந்தது. செகண்ட் ஹேண்டாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டே சீட்டு, மேல்கூரை திறக்கவேண்டும், சிவப்பாக இருக்கவேண்டும். "நாலு பேரு உக்கார்ற வண்டி வாங்கி நாலு பேருக்கு நான் எங்க போவேன்? ரெண்டு சீட்டு பத்தாதா?" என்றாள். அந்த ரெண்டாவது சீட்டு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை.

எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி என்றாள். ஒரே மாடல்தான், ஆனால் டெல்லியில் ஒரு வரி, ஹரியானாவில் ஒரு வரி, உ.பி.யில் ஒரு வரி. எல்லா இடத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றாள். முதலில் குர்காவ்ன் போனோம். அங்கிருந்த ஆள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் வரவில்லையா?" என்றான். "சார் மேலே போய்விட்டார், சாவியைக் கொடு" என்று இவள் ஹிந்தியில் சொன்னாள். அவன் மறுபேச்சு பேசாமல் கொடுத்தான். நொய்டாவில் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றவிட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வண்டி தரையோடு தரையாக இருக்கும். ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்கத்தான் ஆள் வேண்டும். மூட்டுவலிக்காரி ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், எழுந்ததும் சிரித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்துப் பல வருடமாகிவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். டெல்லித் தமிழர்கள் எல்லோருக்கும் இருப்பதுதான். கடைக்காரனிடம் ஹிந்தியில் விலை கேட்போம். அவன் எதிரிலேயே நின்றுகொண்டு, "இவன் மூஞ்சியே சரியில்ல, நடையக் கட்டு" என்று தமிழில் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பஸ்ஸில், லிஃப்டில், ஆஸ்பத்திரி வரிசையில், மேலதிகாரியின் அறைக்குள்கூட எங்களுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. தமிழில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதாக ஒரு நினைப்பு. இத்தனை வருடத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

மூன்றாவதாகக் கரோல் பாக். பழைய கார் விற்கிற கடைகள் நிறைய உள்ள ஒரு சந்தில், கண்ணாடி போட்ட ஒரு ஷோரூம். அங்கே நாங்கள் தேடிய சிவப்பே நின்றுகொண்டிருந்தது. எங்களைக் கவனித்தவள் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், ஜீன்ஸும் கழுத்தில் அடையாள அட்டையும். ஹிந்தி பிளந்து கட்டினாள். ஓட்டிப் பார்க்கக் கடை ஆள் ஒருவர் கூடப் போகவேண்டுமாம். ரெண்டு சீட்டு வண்டி என்பதால் அந்தப் பெண் ஏறிக்கொண்டாள், நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். கூரையைத் திறந்துவிட்டு, எனக்குக் கையை ஆட்டிவிட்டு, ரிட்ஜ் ரோடு பக்கமாக வண்டியைத் திருப்பினாள் என் சிநேகிதி. கழுத்துத் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள் என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது.

அரை மணி கழித்து வந்தார்கள். அவள் முகமெல்லாம் சிவந்து, முடியெல்லாம் கலைந்து கிடந்தது. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். இஞ்சின், அடிப்பாகம் எல்லாம் பார்க்கவேண்டும் என்று மெக்கானிக்கோடு பின்கட்டுக்குப் போனாள். அந்தப் பெண் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நானும் தமிழ்தான்" என்றாள். "மம்மி சேலம். நாங்க இங்கேயே கரோல் பாக்லதான் பொறந்தது. எனக்குப் படிக்க வராது, பேசினா சமஜ் ஆகும், புரிஞ்சுடும்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வந்ததிலிருந்து இவளைப் பற்றி நாங்கள் என்னென்ன பேசினோம் என்று யோசித்துக்கொண்டேன். லிப்ஸ்டிக்கைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தோம். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நீங்க அந்த ஆன்ட்டிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க, எங்க டைம வேஸ்ட் பண்ண வேண்டாம்னு, ப்ளீஸ். அவங்க இங்க வாங்கப் போறதில்ல. கோயம்புத்தூர்ல இதே மாடல் காடி பேசி வச்சாச்சாம். அங்க தெரிஞ்சவங்க யாரோ விக்கறாங்க, ஆனா ஓட்டிப் பாக்கத் தரமாட்டேங்கறாங்களாம். அதான் இங்க எல்லா ஷோரூம்லயும் ஓட்டிப் பாக்கறாங்க. காடில அவங்க சிஸ்டர் ஃபோன் பண்ணாங்க, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினாங்க. எனக்குப் புரியாதுன்னு நெனச்சாங்க போல."

"கோயம்புத்தூர்ல வாங்கி டெல்லிக்கு எப்படிக் கொண்டுவருவா?" என்று கேட்டேன். எவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

"டெல்லிக்கு ஏன் ஆன்ட்டி? அவங்க அங்கேயே போறாங்களே. சிஸ்டர் வீட்டு மாடி ரெடி ஆயிடுச்சாம். ரிட்டயர் ஆன உடனே போறாங்க." டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்திவைத்தாள். "அவங்களுக்கு இங்க ஒரு ஃப்ரெண்ட் இருக்காங்களாம். அவங்ககிட்ட இன்னும் சொல்லலையாம். கடைசி நாள் சொல்லிக்கறேன், இப்பவே சொன்னா அழுதே என்னக் கொன்னுடுவான்னு சிஸ்டர்கிட்ட சொன்னாங்க. அந்த ஃப்ரெண்ட் பாவம், இவங்கள நம்பி எதிர் வீடு வேற வாங்கிட்டாங்களாம்."

அவளுக்கு நான் யார் என்று தெரியாது. அக்கா தங்கை என்று நினைத்தாளோ, மதனி என்று நினைத்தாளோ. பாவம் என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல் என்னை அறைந்தமாதிரி இருந்தது. டீயைக் குடித்தேன். சூடு, தித்திப்பு எதுவும் தெரியவில்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் பெரிய விஷயத்துக்கு வரவில்லை. டைல்ஸ் நினைவுக்கு வந்தது. எனக்கு வெள்ளைதான் பிடித்திருந்தது, அவள்தான் பச்சை என்று அடம்பிடித்தாள். வந்து இருக்கப் போவதில்லை என்று தெரிந்தவள், என் சமையலறையில் பச்சைக்கு எதற்கு அடம்பிடிக்கவேண்டும்? அந்தப் பஞ்சாபிப் பெரியவரிடம் நான் கெஞ்சிவிட்டு வந்து சொல்லும்போதெல்லாம் "நீ இருக்கையில எனக்கென்ன புள்ள" என்பாளே, அப்போது உள்ளுக்குள் என்ன நினைத்திருப்பாள்? நடிப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் கறுப்பாக எண்ணெய். என் வழக்கப்படி துப்பட்டா நுனியால் துடைத்துவிடக் கை போனது, இழுத்துக்கொண்டேன்.

"வண்டி ஜம்முனு இருக்குது புள்ள. நீயே சொல்லு, எங்க வாங்கலாம்? இங்கயா, நொய்டாவா?"

அப்போதும் கேட்கிறாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.

"கோயம்புத்தூர்லயே வாங்கு" என்றேன்.

தோளில் இருந்த கை எடுபட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணைத்தான் பார்த்தாள். "இந்தப் பொண்ணு தமிழா?" என்றாள். என்னிடம் சொல்லவேண்டியது எத்தனையோ இருக்க, அவள் வாயில் முதலில் வந்தது இதுதான். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. "சாரி ஆன்ட்டி" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். தனித்தனியாகப் போகலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் போகவேண்டியது பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு. கோல் மார்க்கெட் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். நான் அழுவேன் என்று பயந்துதான் சொல்லவில்லையாம். வீட்டுக்கு முன்பணம் கொடுத்தபோது நான் அவ்வளவு குஷியாக இருந்தேனாம், அப்போது வாய் வரவில்லையாம். அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்லமுடியாமல் போய்விட்டதாம். தங்கச்சி தனியாக இருக்கிறாளாம். டெல்லிக் குளிர் மூட்டுக்கு ஆகவில்லையாம். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஒவ்வொன்றையும் அந்தந்த நாளிலேயே சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். அழுதிருப்பேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பேன், அப்புறம் நானே வந்து கார் பார்க்க உதவியிருப்பேன். இப்படி என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கவேண்டியதில்லை.

"வெவரமா சொல்லாதது என்ற தப்புதான்" என்றாள். "உனக்கு டெல்லியவிட்டு வர மனசிருக்காதுன்னு..."

"எனக்கு மனசிருக்காதுன்னு உங்கிட்ட யாரு சொன்னா? துவாரகா துவாரகான்னு நீதானட்டி சொன்ன. எனக்கு இங்க யாரு இருக்கா?"

டிரைவர் பையா கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அவனுக்கும் தமிழ் தெரியுமோ என்னவோ. தெரிந்தால் தெரியட்டும் என்றிருந்தது எனக்கு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றேன். "நீ போறது இருக்கட்டும். அங்க மாடி ரெடி பண்ணயில, ஒரு நாளாவது, இவளையும் வான்னு கூப்பிடலாமேன்னு உனக்குத் தோணலையா? நான் வந்திருப்பேன்ட்டி. வீட்ட வித்துட்டு வந்திருப்பேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். உடனே ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். ஏதோ ஒரு நாளைத் தேடிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, கிடைத்துவிடவேண்டும் என்று நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல புள்ள" என்றாள் மெதுவாக. "தோணல."

அத்தனை மாதம் வாய்கூசாமல் பொய் சொன்னவள். அந்த ஒரு கேள்விக்கும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.