ஏழாவது குழி நகராது

பாவாத்தாள் கோல்ஃப் ஆடியதில்லை. ஆனால் ஒத்தக்கரடு கோல்ஃப் கிளப்பில் யார் எவ்வளவு நன்றாக ஆடுவார்கள் என்பதை முப்பத்தொரு வருடமாக முடிவு செய்து வந்தவர் அவர்தான்.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போட்டவரே ஜெயித்தவர். அந்தக் குழி ஒரே இடத்தில் இருப்பதில்லை. சுற்றிலும் காலடி பட்டுப் புல் செத்துவிடும். எனவே வாரம் இரண்டு முறை வேறிடத்தில் வெட்ட வேண்டும். பிடி வைத்த இரும்புக் குழாயைத் தரையில் அழுத்தித் திருகினால் புல்லோடு மண் உருளையாக வரும். அதைப் பழைய குழியில் இறக்கி மிதித்துவிட்டால் அங்கே குழி இருந்த தடமே தெரியாது. பாவாத்தாளின் வேலை அது.

மதுக்கரைக்கு மேற்கே, கரடு என்னும் சின்னப் பாறைக்குன்றின் மேலும் கீழுமாக ஒன்பது குழிகள். கோயம்புத்தூரில் பலருக்கு இப்படியொரு மைதானம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப்பேர் முழங்காலை நினைத்து வருவதில்லை. நூறு வருடத்துக்கு முன் ஒரு பஞ்சாலையின் வெள்ளைக்கார மேனேஜர் அமைத்தது. அவர் படம் ஹாலில் சந்தன மாலையோடு தொங்குகிறது. ஏழாவது குழி மட்டும் எப்போதும் சரிவின் மேல் விளிம்பில் இருக்கும். அங்கே பந்து நிற்காது. ஏழெட்டு அடி வாங்கிவிட்டு உறுப்பினர்கள் படத்தைப் பார்த்து, “தொரைக்கு என்ன மூளைங்க!” என்பார்கள்.

துரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் புல்தரையின் நடுவில் இரண்டு விரல் ஆழத்திலேயே பாறை. குழாய் இறங்குவது மேல் விளிம்பிலும் கீழே தொட்டி போன்ற பள்ளத்திலும்தான். பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கும் என்று பாவாத்தாள் மேலேயே இடம் மாற்றி மாற்றி வெட்டி வந்தார்.

சென்ற மார்கழியில் கிளப் ஒரு முடிவு எடுத்தது. தை முதல் புல்தரை வேலை முழுவதும் பெருந்துறையிலிருந்து வரும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு. நிரந்தரப் பணியாளர்கள் மட்டும் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கும். பாவாத்தாள் பெயரை மாதாமாதம் கடைசியில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள்.

அந்த மார்கழியில்தான் நூறாண்டுக் கோப்பைப் போட்டி. கேப்டன் அழகிரிசாமி பம்ப் மோட்டார் தொழிற்சாலை வைத்திருப்பவர். ஹாலில் உள்ள கோப்பை வென்றவர்கள் பெயர்ப் பலகையில் இருபது வருடமாக இடம் பிடிக்க முடியாதவர். போட்டிக்கு முதல் நாள் ஏழாவது குழிக்கு வந்தார்.

“ஏனம்மணி பாவாத்தா, நாளைக்குக் குழிய எங்க வெக்கறே?”

“எப்பவும் போல மேலதானுங்க.”

“கீழ பள்ளத்துல வெச்சா என்ன?”

“மழ பேஞ்சா தண்ணி நிக்குமுங்க.”

“வானம் வெளுத்துக் கெடக்குது, மழையாமா! கீழ வெச்சுப்போடு. நான் மட்டும் கப்பு வாங்கிப்போட்டேன்னா, அடுத்த மீட்டிங்லயே உன்ற பேர பர்மனென்ட்ல சேத்திப்போடறேன்.”

“செரிங்க.”

இரண்டு பேருமே நல்ல புத்திசாலிகள். இருந்தும் ஒன்று மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கே ஏழாவது குழிப் பக்கம் கைதட்டல் கேட்டது. எங்கே விழுந்தாலும் பந்து பள்ளத்துக்கு உருண்டு வந்தது. வழக்கமாக அங்கே ஒன்பது அடி வாங்கும் வேலுமணி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மூன்றே அடியில் முடித்தார். “தொரை இன்னிக்கு எரக்கப்பட்டுட்டானுங்க,” என்று கொடியைக் கும்பிட்டார். வேப்பமரத்தடியில் நின்ற பாவாத்தாளுக்கு அப்போதுதான் அந்த ஒன்று தோன்றியது.

கடைசி ஜோடி அழகிரிசாமியும் சுந்தரராஜுலுவும். அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சுந்தரராஜுலு ஒரு அடி பின்தங்கியிருந்தார். அழகிரிசாமி இரண்டே அடியில் போட்டார். அந்தக் குழியில் அவர் வாழ்நாள் சாதனை. மரத்தடியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

“என்ன சகலை, மூஞ்சி சுண்டிப்போச்சு? பேசாம ஊட்டுக்குக் கெளம்பறீங்களா?”

“இருங்க சகலை, வந்ததுக்கு ஒரு அடி அடிச்சுட்டுப் போறேன்.”

மட்டை பந்தின் தலையில் பட்டது. பந்து தரையோடு ஓடி, வழியிலிருந்த ஒரு பாறையில் மோதி எகிறி, மேல் விளிம்பில் விழுந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு உருண்டு வந்து குழிக்குள் இறங்கியது. ஒரே அடி.

“உழுந்துருச்சா?” சுந்தரராஜுலுவுக்குக் கண் சரியாகத் தெரியாது.

“உழுந்துருச்சுங்க,” என்றார் பாவாத்தாள். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

கணக்கு சமமானது. எட்டாவதில் அழகிரிசாமி ஓங்கி அடித்தார். பந்து முள்ளுக்குள் போனது. கோப்பை சகலைக்கு. தன் வெற்றிக்குக் காரணம் பேத்தி லாஸ்யா வாங்கித் தந்த கையுறை, மருதமலை முருகன், துரை ஆகிய மூவரும் என்று சுந்தரராஜுலு மைக்கில் சொன்னார். உண்மைக் காரணம் தெரிந்த ஒரே உறுப்பினர் கைதட்டிவிட்டுக் கோப்பையை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கார் பக்கத்தில் பாவாத்தாள் நின்றிருந்தார். “ஏனுங்க, அந்த பர்மனென்டு...”

“எனக்குன்னு வெக்கச் சொன்னா ஊருக்கே வெச்சுப்போட்டியே!”

“குழிக்கு ஆளு தெரியுமாங்க?”

அழகிரிசாமி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நியாயத்தைப் பற்றி எழுதப்பட்ட தடித்த நூல்கள் பலவும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன. பாவாத்தாள் அதைக் கேட்டது நியாயத்துக்காக அல்ல, வேலைக்காக.

நூறாண்டுக் கோப்பையை வென்றவரே அடுத்த கேப்டன் என்று கிளப் முன்பே அறிவித்திருந்தது. சுந்தரராஜுலுவின் முதல் தீர்மானம்: ஏழாவது குழி இனி எக்காலமும் அதே இடத்தில் இருக்கும், பக்கத்தில் தேதி பொறித்த பித்தளைத் தகடு பதிக்கப்படும், அந்த இடத்தைக் காக்க ஒரு நிரந்தரப் பணியாளர் தேவை, அது பாவாத்தாள். அழகிரிசாமி தீர்மானத்தை வழிமொழிந்தார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. தை மாதப் பதிவேட்டில் பாவாத்தாள் பெயர் அச்சில் வந்தது.

மாசியில் குழியைச் சுற்றிப் புல் பழுத்தது. நகராத குழி ஒரு மாதத்தில் மண்திட்டாகிவிடும் என்பது பாவாத்தாளுக்குத் தெரியும். வெளியே சொன்னால் தீர்மானம் போய்விடும். அதோடு அச்சுப் பெயரும் போய்விடும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் விடியும்போது குழியை இரண்டு சாண் தள்ளி வெட்டுகிறார். தகட்டையும் பிடுங்கிக் கூடவே நடுகிறார். பள்ளத்துக்குள் ஒரு சுற்று முடிவதற்குள் பழைய இடத்தில் புல் தேறிவிடுகிறது.

போன வாரம் சுந்தரராஜுலு காங்கேயத்து விருந்தாளிகளைக் கூட்டிவந்தார். தகட்டின் அருகே நின்று மட்டையால் தரையைத் தட்டினார்.

“இதே எடந்தானுங்க. அன்னிக்கு எங்க இருந்துச்சோ அங்கயே இருக்குது. என்ன பாவாத்தா, ஒரு இஞ்சு நவுந்திருக்குமா?”

“நவுருலீங்க,” என்றார் பாவாத்தாள், காலையில் மூடிய மண்ணின் விளிம்பைக் காலால் இன்னொரு முறை அழுத்திவிட்டு.