மந்திரியான முதலாளி

பீலெஃபெல்ட் அகதி விடுதியில் என் அறையில் இருந்த அண்ணை, தனக்கு ஓர் இங்கிலாந்து மந்திரியைத் தெரியும் என்று சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவரிடம் ஒரு படம் இருந்தது. கொழும்பில் அண்ணை வேலைசெய்த தேயிலை ஏற்றுமதிக் கந்தோரின் வாசல். நடுவில் உயரமான வெள்ளைக்காரர், முதலாளி. பின்வரிசையில் கழுத்துப்பட்டியோடு அண்ணை.

அந்த மனிதரின் வாழ்க்கை அண்ணைக்கு மனப்பாடம். தகப்பனின் சிறிய தேயிலை வியாபாரத்தைப் பெரிய நிறுவனமாக்கியவர். அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தேர்தலில் நின்று, முதல்முறை தோற்று, அடுத்தமுறை வென்றவர். துணை மந்திரியாக இருந்து, நாங்கள் ஜெர்மனிக்கு வந்த காலத்தில் வர்த்தகத்துக்குப் பொறுப்பான மந்திரியாகியிருந்தார்.

எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் அண்ணையின் வீட்டை எரித்தார்கள். மனைவியை யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றிவிட்டு, அவர் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தார். மனைவியை லண்டனுக்காவது எடுப்பிக்க உதவும்படி மந்திரிக்கு இரண்டு கடிதம் எழுதினார். இது மந்திரியின் துறைக்கு உரியதல்ல என்று செயலாளர் பதில் போட்டார்.

“கடிதம் அவரின்ரை கைக்குப் போகேல்லை, தம்பி. நேரிலை கண்டால் கைவிடமாட்டார்” என்றார் அண்ணை.

அந்த வசந்தத்தில், மந்திரி ஹனோவர் தொழிற்கண்காட்சிக்கு வருவதாகப் பத்திரிகையில் வந்தது. எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. விண்ணப்பித்தால் பதில் வர வாரங்கள் ஆகும். கேட்காமலே ரயிலேறினோம். அண்ணை இரவல் கோட்டுக்குள் மூன்றாவது கடிதத்தை வைத்திருந்தார்.

பிரிட்டிஷ் அரங்கின் முன் இரண்டு மணிநேரம் நின்றோம். மந்திரி வந்தார், படத்தில் இருந்ததைவிடப் பருத்திருந்தார். அண்ணை முன்னே போய் ஆங்கிலத்தில் கந்தோரின் பெயரையும் தன் பிரிவையும் சொன்னார். மந்திரி நின்றார். முகம் மலர்ந்தது.

“கொழும்பு! அந்த மழையை மறக்க முடியுமா?” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். “இங்கே வியாபாரமா?”

 “ஆம், சேர்” என்றார் அண்ணை.

“நல்லது, மிக நல்லது.” மந்திரி அடுத்த அரங்குக்கு நடந்தார்.

நிலையத்தில் எனக்குக் கோபம் வந்தது. “ஏன் அண்ணை கடிதத்தைக் குடுக்கேல்லை?”

“அந்தாள் என்னை ஒரு மனிசனா மதிச்சுக் கை தந்தது, தம்பி. அதிலை நிண்டுகொண்டு கையேந்த ஏலாமல் போச்சு.”

திரும்பும் ரயிலில் பொலிஸ் ஏறியது. நான் கழிவறைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். அண்ணையின் இருக்கையருகே இருவர் குனிந்து அவருடைய விடுதி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை என்னைக் கண்டார். கண்டதும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவரைத் தெரியாதவனைப்போலக் கடந்து அடுத்த பெட்டிக்குப் போனேன். அடுத்த நிலையத்தில் அவரை இறக்கிக் கூட்டிச்சென்றார்கள். மேடையில் அவர்களுக்கு நடுவே அவர் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் விடுதிக்கு வந்தார். “சாப்பிட்டனியோ?” என்று மட்டும் கேட்டார்.

மாரிகாலத்தில் அவருடைய தஞ்ச விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு முடிவதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது: வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்து மனைவி இறந்துவிட்டார். அண்ணை அழவில்லை. மூன்று நாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான்காம் நாள் உடுப்புகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, பிரான்சுக்குப் போவதாகச் சொன்னார். நான் பஸ் நிறுத்தம்வரை போனேன். ரயிலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். பஸ் வந்துவிட்டது. அவரிடமிருந்து பிறகு கடிதம் எதுவும் வரவில்லை.

எனக்குத் தஞ்சம் கிடைத்த வருடம், அந்த மந்திரி கட்சிக்குள் ஏற்பட்ட தகராறில் பதவி விலகி, தன் தேயிலை நிறுவனத்துக்கே தலைவராகத் திரும்பினார் என்று பத்திரிகையில் வாசித்தேன். அதிலிருந்த படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.