வலது பக்க இருக்கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்ற வார்த்தையை நானே என் வாயால் சொன்னதில்லை. பதினாறு வருடங்களுக்கு முன், பட்டப்பகலில், வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டிப் போனபோது எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் முகாய். ஷிகோகு தீவின் மலைப்பாதையில் ஓடும் சாயும் விரைவு ரயிலின் ஓட்டுநர். வளைவு வந்தால் பெட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்துகொடுக்கும். அதனால்தான் அந்தக் கோணல்மாணல் பாதையிலும் பெரிதாக வேகம் குறைக்காமல் போகிறோம். எந்த வளைவு எங்கே என்பது வண்டிக்கே மனப்பாடம். வளைவு இல்லாத இடத்தில் அது சாயவே சாயாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றுதான் முதல் முறையாகத் தனியாக ஓட்டினேன். அதற்கு முன் மாதக்கணக்கில் என் வலது பக்க இருக்கையில் ஒச்சி அண்ணன் உட்கார்ந்து பழக்கினார். எங்கள் வேலையில் சிக்னல் விளக்கைப் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டி, "பச்சை! போகலாம்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பழகும் காலத்தில் ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் யாராவது சொன்னால்கூட என் வாய் திருப்பிச் சொல்லிவிடும். அப்படி ஊறிப்போன பழக்கம்.

கிளம்பும்போது ஒச்சி அண்ணன் நடைமேடையில் நின்று சீண்டினார்.

"என்னடா, கையுறையெல்லாம் மாப்பிள்ளை கணக்கா பளபளக்குது!"

"சும்மா இருங்கண்ணே. பயமா இருக்கு."

"பின்னால யாரு நிக்கிறான்னு பாரு. பயமெல்லாம் ஓடிடும்."

திரும்பினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் மகள் மினோரி. ஏழு வயது. மூக்கைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பின்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என்ன ஆனாலும் கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று மினோரியிடம் வீட்டிலேயே சொல்லியிருந்தேன்.

வண்டி கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. முதல் விளக்கு. விரலை நீட்டினேன். "பச்சை! போகலாம்!"

"பச்சை! போகலாம்!" என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது. அடுத்த விளக்கிலும் வந்தது. அதற்கடுத்ததிலும். எனக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. தினமும் கேட்டுப் பழகிய சத்தம்தானே.

குரோமிசோ சுரங்கத்துக்குள் நுழைந்தபோதுதான் உறைத்தது... ஒச்சி அண்ணன் நடைமேடையிலேயே நின்றுவிட்டாரே!

வலது பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கை அது. விரிந்தே இருந்தது...

சுரங்கம் முடிந்தது. ஆற்றோரமாக நேர்ப்பாதை. வளைவு கிடையாது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

வண்டி சாய்ந்தது.

இடது பக்கமாக. ஆற்றுப் பக்கமாக.

மழைக்குள் தூரத்தில் ஏதோ மினுக்கியது. என்ன நிறம் என்று தெரியவில்லை. அதற்குள்...

"பச்சை! போகலாம்!"

நான் சொல்லவில்லை. இந்த முறை அது முந்திக்கொண்டது. என் காதோரம். கரகரத்த குரல்.

என் விரல் தானாக நீண்டது. வாயும் திறந்துவிட்டது. "பச்சை..."

டக்! டக்! டக்!

கண்ணாடி. மினோரி.

கண்ணைக் குறுக்கிப் பார்த்தேன். சிவப்பு! மலையிலிருந்து கல் சரிந்தால் எரியும் சிவப்பு!

பிரேக்கை முழுசாகப் போட்டேன். கிரீச்ச்ச்...

நின்றது. தண்டவாளத்தின் மேல், என் கண்ணுக்கு முன்னால், மாடு படுத்திருப்பது போல ஒரு பாறை.

மறுநாள் ஒச்சி அண்ணனும் நானும் ஓட்டுநர் அறையின் ஒலிப்பதிவைக் கேட்டோம். பாதியிலேயே அவர் நிறுத்திவிட்டார்.

"ரெண்டு குரல் கேக்குதுடா."

"அந்த இன்னொண்ணு யாருண்ணே?"

"நீதான். ரெண்டும் நீதான்டா. ஒண்ணு மட்டும்... கிழவன் குரலாட்டம் இருக்கு."

வீட்டுக்குப் போய் மினோரியிடம் ஏன் தட்டினாய் என்று கேட்டேன்.

"உங்க பக்கத்துல இன்னொரு அப்பா இருந்தாரே. தலையெல்லாம் வெள்ளையா. போகலாம் போகலாம்னு சொல்லிட்டு அழுதுட்டே இருந்தாரு. எனக்குப் பயமா இருந்துச்சுப்பா."

வண்டி ஏன் சாய்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இந்த வருடம்தான். அந்த மலைச்சரிவு இனித் தாங்காது என்று பாதையையே ஆற்றின் மேல் பாலம் கட்டித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தைக் காட்டினார்கள். நேர்ப்பாதையில், அன்று வண்டி சாய்ந்த அதே இடத்தில், இடது பக்கமாக ஒரு புது வளைவு. அடுத்த மாதம் திறக்கிறார்கள்.

என் தலையில் இப்போது கறுப்பு முடி ஒன்றுகூட இல்லை. செத்தாலும் அந்தப் பாதையில் ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வகுப்பறையில் பாடம் எடுக்கும் வேலை கொடுத்தார்கள். தப்பித்தேன் என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் மினோரி துள்ளிக்கொண்டு வந்தாள். ஓட்டுநர் தேர்வில் பாஸாகிவிட்டாள். புதுப் பாதையில்தான் பழகப் போகிறாளாம்.

"ஆபீஸ்ல பெரியவங்ககிட்ட பேசிட்டேன்பா! ஓட்டப் போறது நான்தானே, நீங்க சும்மா பக்கத்துல உக்காந்து பழக்கினா போதும். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

அந்த வெள்ளைத் தலை அன்று உட்கார்ந்திருந்தது ஓட்டுநர் இருக்கையில் இல்லை. வலது பக்க இருக்கையில்.