மாட்டு மணிக்கு விலை எழுத வைத்தவர்

2006-ஆம் வருஷம் ஆவணி மாதம், ஆந்திரா பக்கத்துச் சந்தை ஒன்றில் ஒரு காளை என் வலது காலை மிதித்துவிட்டது. காளையின் மேல் தப்பில்லை. அதன் கழுத்தில் நான் மணி கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ லாரியின் பின்கதவைத் திறந்து விட்டார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போனது. மாவுக்கட்டைப் பிரித்தபோது அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தது.

நான் தாஸ். உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்ற ஊருக்கு வெளியே, ஆற்றுக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. எட்டாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். அதன்பிறகு ஒரே ஊரில் நிலைத்து இருந்ததில்லை. லாரி கிளீனராக இருந்தேன், கரும்பு வெட்டினேன், ரோட்டு வேலை செய்தேன். கடைசியாக மாட்டுச் சாமான் வியாபாரத்துக்கு வந்தேன். மூக்கணாங்கயிறு, கழுத்து மணி, சலங்கை, சோழி வைத்துத் தைத்த கழுத்துப்பட்டை. கழுத்துப்பட்டை என் மனைவி சலோமியின் கைவேலை. அவள் தைப்பாள், நான் மூட்டை கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவேன். ஊர் சுற்றுவதற்கே கூலி கிடைப்பதுபோல் இருந்ததால் அந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது.

கால் போனதும் சந்தை போனது. எங்கள் பக்கத்தில் கைக்கு வேலை இல்லாதவர்கள் பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போவார்கள். மழைக்காலம் வரும்வரை அங்கேதான் குடிசை, அங்கேதான் சமையல். பிள்ளைகளும் கல் புரட்டும். எங்கள் ஒரே மகள் எஸ்தர் அப்போது பத்தாம் வகுப்பு. சூளை மேஸ்திரி வீட்டுக்கே வந்து கேட்டார். தை பிறந்ததும் வண்டி வரும், அதற்குள் முடிவு சொல்லு என்றார். என்னால் மண் மிதிக்க முடியாது. என் பங்கு வேலையை யார் செய்வார்கள்? எஸ்தர்தான். அவள் பரீட்சை பங்குனியில். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை மட்டும் முன்னைவிடச் சத்தமாகப் படித்தாள்.

அந்த நாட்களில் நான் ஜெபித்த ஜெபம் ஒரே வரிதான். ஆண்டவரே, என் சரக்கை வாங்க ஆளை அனுப்பும், இந்தப் பிள்ளை பரீட்சை எழுதட்டும்.

புரட்டாசியில் ஒரு நாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க உத்திரமேரூர் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாந்தி என்ற தங்கச்சி ஜெராக்ஸ் மிஷினோடு பிரவுசிங் சென்டரும் வைத்திருந்தது. உள்ளே நாலைந்து பேர் டி.வி. மாதிரி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. இதில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாமும்தான், வாங்குகிறார்கள், விற்கிறார்கள் என்றது.

"மாட்டு மணி விக்கலாமாம்மா?" என்றேன்.

சாந்தி சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "விக்கக் கூடாதுன்னு ஒண்ணும் சட்டம் இல்லண்ணா" என்றது.

அடுத்த வாரம் சரக்கை எடுத்துப்போனேன். சாந்தி போட்டோ பிடித்தது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு பக்கத்தில் படங்களை ஏற்றி, தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, அடியில் என் செல்போன் நம்பரைப் போட்டது. விலை என்ன எழுதட்டும் என்று கேட்டது.

"அத்த மட்டும் எழுதாத. நேர்ல பேசிக்கலாம்னு போடு."

மாட்டுச் சந்தை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அங்கே விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரல், எந்த விரல் என்பதுதான் பேரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது. மணியும் கயிறும் விற்கிற எங்களுக்குத் துண்டு இல்லை, ஆனால் பழக்கம் அதேதான். ஆளைப் பார்ப்போம், அவன் மாட்டைப் பார்ப்போம், வேட்டியைப் பார்ப்போம். பிறகு அவன் காதுக்கு மட்டும் ஒரு விலை. அதையே திறமை என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு எண் ஓடும். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அது காட்டும். நான் உத்திரமேரூர் போகும்போதெல்லாம் அது ஏறியிருந்தது. இவர்கள் யார்? எந்த ஊர்? எதற்காக என் மணியைப் பார்க்கிறார்கள்? பார்த்துவிட்டு ஏன் பேசாமல் போகிறார்கள்? சந்தையில் வாங்காமல் போகிறவனும் மணியை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பான், ஒரு குறை சொல்வான், நாளைக்கு வருகிறேன் என்று பொய்யாவது சொல்வான். இவர்களுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. எண் மட்டும் ஏறுகிறது. எனக்கு அது கவலையைவிட அதிசயமாக இருந்தது. ஜெபத்திலும் அது வந்துவிட்டது. ஆளை அனுப்பும் என்று கேட்டேன், அனுப்புகிறீர், ஆனால் வாசல்வரை வந்து ஏன் திரும்புகிறார்கள், அதைக் காட்டும் என்று கேட்க ஆரம்பித்தேன்.

போன் வராமல் இல்லை. ஐப்பசியில் ஒருவர் பேசினார். கழுத்துப்பட்டை என்ன விலை என்றார். நான் வழக்கப்படி ஆரம்பித்தேன். சார் எந்த ஊரு, மாடு எத்தனை, சொந்த நிலமா என்று வரிசையாகக் கேட்டேன்.

"நான் பட்டை இன்னா விலைன்னுதான் கேட்டேன், பொண்ணு கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சலோமி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அதே மாதிரி இன்னும் சில போன்கள் வந்து, அதே மாதிரி போயின. கார்த்திகையும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வருகிற வழியில் மேஸ்திரி சைக்கிளை நிறுத்தி, என்ன முடிவு என்றார். சலோமி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வருகிறோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நம்பிக்கை முழுவதும் அறுந்துபோயிருந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. சலோமிதான் ஜெபித்தாள்.

அந்த வாரமே காலைக் காட்ட இரண்டு பேரும் காஞ்சிபுரம் போனோம். ஒரு கால் குட்டையாக இருப்பதால் அடி உயர்த்திய செருப்பு போட்டால் இடுப்பு வலிக்காது என்று டாக்டர் சொன்னார். அந்த மாதிரி செருப்பு செய்யும் கடை ஒன்றைத் தேடிப் போனோம். கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். எதிலும் விலைச் சீட்டு இல்லை. எனக்கு வேண்டிய மாதிரி ஒன்று இருந்தது. கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை, கூட வந்தது யார் என்று கேட்டார். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கோ கை கால் கூசியது. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சலோமி பிடித்துக்கொண்டாள்.

"அம்மாந்தொலவு போயிட்டு வெலகூட கேக்காம வந்துட்டியே, இன்னாய்யா ஆளு நீ?"

"கேட்டா இன்னாமே சொல்வான்? என் மூஞ்சிய பாத்து ஒரு வெல சொல்வான்."

சொன்னது என் வாய்தான். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. சலோமியும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

நான் இத்தனை நாள் கேட்டது, வாங்குகிறவனை அனுப்பும் என்று. கர்த்தர் என்னையே வாங்குகிறவனாக ஒரு கடைக்கு அனுப்பினார். விலை தெரியாத பொருளின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று என் உடம்பிலேயே காட்டினார். வாசல்வரை வந்து திரும்பிய அந்த எண்கள் எல்லாம் என்னைப்போலக் கூசிப்போன மனிதர்கள். அவர்கள் யார் என்று கேட்டிருந்தேனே, அதற்கும் அதுதான் பதில்.

வீட்டுக்கு வந்து விலை போடலாம் என்றதும் சலோமி பயந்தாள். அவள் பயம் நியாயமானது.

"வெலய ஊரறிய போட்டா சந்தக்காரன் பாத்துகினு அதவிட கொறச்சி விப்பானே."

எனக்கு வேறு பயம். ஆளுக்கு ஒரு விலை சொல்லிப் பழகியவனுக்கு எல்லோருக்கும் ஒரே விலை என்றால் என்ன விலை சொல்வது? ஒரு பட்டைக்கு எவ்வளவு நூல் பிடிக்கிறது, சலோமி எத்தனை நேரம் தைக்கிறாள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அன்றைக்குத்தான் அவள் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருஷம் அவள் வேலையை நான் எவ்வளவு மலிவாகத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. மூன்று பேரும் ஜெபித்துவிட்டு ஒரு விலை வைத்தோம். எஸ்தர் டேப் வைத்து அளந்து, கன்றுக்கு எது, பசுவுக்கு எது, காளைக்கு எது என்று பிரித்துச் சொன்னாள். வி.பி.பி. தபாலில் வரும், பொருளை வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கட்டினால் போதும் என்றும் எழுதச் சொன்னோம். சாந்தி எல்லாவற்றையும் ஏற்றியது.

மார்கழியின் முதல் வாரத்தில் ஒரு அம்மா பேசினார். தாம்பரம் பக்கம் வீடு, இரண்டு பசு வைத்திருக்கிறாராம், மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு பட்டை வேண்டுமாம். விலாசம் சொன்னார், வைத்துவிட்டார். பேரமே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பார்சல் திரும்பி வருமோ என்று பயந்துகொண்டே இருந்தோம். திரும்பவில்லை, பணம்தான் வந்தது. அந்த அம்மா சொல்லி அவர் தெருவில் இன்னொருவர் கேட்டார். மதுரைப் பக்கம் காளை வளர்ப்பவர் ஒருவர் சலங்கைக்குப் பேசினார். பொங்கலுக்கு முன்னால் சலோமிக்கு விரல் வீங்கும் அளவுக்கு வேலை இருந்தது. அவள் சொன்னதுபோலவே பழைய சந்தைக் கூட்டாளி ஒருவன் விலையைப் பார்த்துவிட்டுக் குறைத்து விற்றான். "இன்னா தாசு, வெலய தமுக்கடிச்சி சொல்லிட்டியாமே" என்று கேலியும் பண்ணினான். ஆனால் அவன் விற்றது சந்தைக்கு வந்தவர்களிடம். எங்களிடம் கேட்டவர்கள் சந்தைக்கே வராதவர்கள்.

பொங்கலோடு விற்பனை நின்றுவிடுமோ என்று பயந்தோம். பொங்கல் முடிந்த வாரம், கோசாலை நடத்துகிற ஒருவர் தன் கன்றுகள் எல்லாவற்றுக்கும் கயிறும் மணியும் கேட்டார். அதை நாங்கள் தேடிப் போகவில்லை. கர்த்தர் கொண்டுவந்தார்.

மேஸ்திரி சொன்னபடி வந்தார். வண்டி ரோட்டில் நின்றது. உள்ளே எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள், பாத்திரங்களோடும் பிள்ளைகளோடும். நான் எழுந்து வெளியே வருவதற்குள் சலோமி வாசலில் போய் நின்றுவிட்டாள்.

"நாங்க வரல மேஸ்திரி. பாப்பாவுக்கு பரிச்ச கீது."

வண்டி போய்விட்டது. உள்ளே எஸ்தர் படிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அழுகிறாள் என்று தெரிந்தது. நான் உள்ளே போகவில்லை, அங்கேயே முழங்கால் போட முடியாத காலோடு நின்றபடி ஸ்தோத்திரம் சொன்னேன். அந்தப் பங்குனியில் அவள் பரீட்சை எழுதினாள், பாஸானாள். பிறகு பாலிடெக்னிக்கிலும் சேர்ந்தாள்.

எல்லா மாதமும் நன்றாக விற்கிறது என்று சொன்னால் அது பொய். போன் அடிக்காத மாதமும் உண்டு. இன்னும் புரியாதவை எனக்கு நிறைய இருக்கின்றன. தினமும் காலையில் அவற்றை ஆண்டவரிடம் கேட்கிறேன். முன்பு நாலு நாள் ஒரு இடத்தில் உட்காராதவன், இப்போது ஒரே இடத்தில் உட்கார்ந்து அவர் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவே எனக்குப் பெரிய அற்புதம்.

ஊறுகாய் போடுகிறவர்கள், பாய் முடைகிறவர்கள், துணி தைக்கிறவர்கள் நம் சபையிலேயே இருக்கிறீர்கள். இன்டர்நெட்டில் போட்டோம், யாரும் கேட்கவில்லை, இது நமக்கு இல்லை என்று விட்டுவிட்டவர்களும் இருக்கிறீர்கள். விட்டுவிட வேண்டாம். கொடும் என்று மட்டும் கேட்காமல், காட்டும் என்றும் கேளுங்கள். அவர் காட்டுகிறவர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு, விற்காமல் கிடக்கும் அந்தப் பொருளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நடுவில் வைத்துச் சேர்ந்து ஜெபிப்போம். விலை என்ன என்று முதலில் நான் கேட்கிறேன்.