பேனா நின்ற இடம்

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குத் தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிழையைச் சுழித்து வைப்பேன். அப்படிப்பட்ட என்னைப் போய், ஓய்வு பெற்ற பிறகு, மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் தேர்வு எழுதித் தரக் கூப்பிட்டார்கள்.

எழுத வேண்டியது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு. பட்டினப்பாக்கத்துக்காரி. பாடத்தைக் காதால் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வாள். படிக்கவோ எழுதவோ உட்கார்ந்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுக்காது. கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் இருந்தது. அதனால் நான் கேள்வியைப் படிக்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும், சொன்னதைச் சொன்னபடி நான் எழுத வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே. மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் நான். பொதுத்தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு ஆசிரியர் வருவார்.

முதல் இரண்டு தேர்வுகளில் நல்ல மார்க். அவளைவிட நான்தான் அதிகம் பீற்றிக்கொண்டேன். மூன்றாவது, சமூக அறிவியல். பருத்திக்கு ஏற்ற மண் எது என்று படித்தேன். கரிசல் மண் என்றாள். அந்த நேரம் பார்த்து என் மூக்குக் கண்ணாடி வழுக்கியது. அதைத் தூக்கிவிட ஒரு நொடி பேனாவை நிறுத்தினேன். உடனே, இல்லை, செம்மண் என்று மாற்றினாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு செம்மண் என்றே எழுதினேன்.

தேர்வு முடிந்ததும் வாசலில் பிடித்து நிறுத்தி, ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"உங்க பேனா நின்னுச்சே மிஸ். நின்னா தப்புனுதான அர்த்தம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் தப்பாகச் சொன்ன இடத்திலெல்லாம் என் கை தானாக நின்றிருக்கிறது. கேள்வித்தாளைப் படிக்க முடியாத பெண் என் கையைப் படித்திருக்கிறாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது. ஆனால் பொதுத்தேர்வில் வரும் ஆசிரியர் தும்மினால்கூட இவள் பதிலை மாற்றிவிடுவாளே. அதில் தேறினால்தான் பதினொன்றாம் வகுப்பு, இல்லாவிட்டால் படித்தது போதும் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவள் மார்க்கில் என் கைக்கும் பங்கு உண்டு என்று தலைமையாசிரியையிடம் போய் ஒப்புக்கொண்டேன். அடுத்த தேர்வுக்குள் கையை அடக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

பிறகு என் கைக்குப் பயிற்சி. அபிராமபுரத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே தப்புத்தப்பாகச் சொல்வார், நான் நிற்காமல் எழுத வேண்டும். காவிரி குஜராத்தில் பிறக்கிறது என்பார். எழுதிவிடுவேன். முக்கோணத்துக்கு நான்கு பக்கம் என்றபோது கை நின்றுவிட்டது. மனிதருக்கு ஒரே குஷி. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதை நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு வாரம்தான்.

அவளிடமும் சொல்லி வைத்தேன். கை வலித்தாலும் பேனா நிற்கும், மை தீர்ந்தாலும் நிற்கும், அதைப் பார்க்காதே என்று. தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசி மாதிரித் தேர்வு. இரவில் கடலோரத்தில் காற்று எங்கிருந்து எங்கே வீசும் என்று ஒரு கேள்வி. நிலத்திலிருந்து கடலுக்கு என்றாள். சாயங்காலமானால் எங்கள் மாடிக்குக் கடல்காற்று வருகிறதே, இது தப்பாயிற்றே என்று நினைத்தேன். பாழாய்ப்போன கை நின்றுவிட்டது. அவள் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"நிக்கட்டும் மிஸ். நான் சொன்னதயே எழுதுங்க."

எழுதினேன். வெளியே வந்ததும் அவளுக்குத் தெரியாமல் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இன்னா மிஸ், இதுகூடத் தெரியாதா? எங்க நைனா விடியறதுக்கு முன்ன படகு எடுத்துக்கினு போவசொல்ல காத்து முதுகுலதான் அடிக்கும்."

பொதுத்தேர்வுக்கு அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். முடியும்வரை வெளியிலேயே நின்றேன். அவள் வந்ததும் கேள்வி எப்படி, பதில் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. உள்ளே எழுதியவர் எத்தனை தடவை பேனாவை நிறுத்தினார் என்றுதான் கேட்டேன்.

அவள் கவனிக்கவில்லையாம்.