கம்போடியா போய் வந்த ஞானதுரை சார்

ஞானதுரை சார் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணினாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில், விடியும்போதே முடிந்துவிட்டதாம்... நாளைக்கு அடக்கம்.

திருச்சுழிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் அவர் எஸ்.ஐ. நான் அங்கே ரைட்டர், அதாவது எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு.

தொண்ணூற்றிரண்டில் கம்போடியாவுக்குப் போனார். சண்டை ஓய்ந்த நாட்டில் அமைதிப் பணிக்கென்று பல நாட்டுப் போலீஸைக் கூப்பிட்டிருந்தார்கள். இங்கிலீஷ் டெஸ்ட், ஜீப் ஓட்டும் டெஸ்ட்... ரெண்டிலும் பாஸ்.

"சார், வரும்போது ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிட்டு வாங்க சார்" என்று பல்லை இளித்தேன். ஒரு வருஷம் கழித்து வாங்கியும் வந்தார். ஆனால் வந்தது பழைய ஆள் இல்லை. முன்பெல்லாம் அவர் சிரித்தால் லாக்கப்பில் இருப்பவனும் சேர்ந்து சிரிப்பான்.

வந்த வாரமே எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா புகாரோடு வந்தார். வரப்புத் தகராறு, பங்காளிகள் வெட்டுவோம் என்கிறார்கள், வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று அழுதார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"வீட்டுக்குப் போம்மா, நாங்க பாத்துக்கிறோம்."

சார் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "ஏட்டு, அந்த வார்த்தைய இனிமே இந்த ஸ்டேஷன்ல யாரும் சொல்லக் கூடாது."

அந்த அம்மாவை ஜீப்பில் ஏற்றி அவரே கொண்டுபோய் விட்டார். பங்காளிகளிடம் எழுதி வாங்கும்வரை அங்கிருந்து நகரவில்லை. திரும்பும்போது கருவேலங்காட்டு ஓரம் வண்டியை நிறுத்தினார். அவராகத்தான் சொன்னார்.

"அங்க எங்களுக்குத் துப்பாக்கி கிடையாது ஏட்டு. அரெஸ்ட் பண்ணவும் முடியாது. பாக்கணும், ரிப்போர்ட் எழுதணும், அவ்வளவுதான். ஆத்துல படகுலயே குடியிருக்கிற சனம்... ராத்திரி கொல்ல வருவாங்கன்னு பயந்து புள்ளகுட்டியோட எங்க முகாமுக்கு வந்து, இங்கனயே படுத்துக்கிறோம்னு கெஞ்சுச்சு. நான்தான் போங்க, நாங்க பாத்துக்கிறோம்னு அனுப்புனேன். காலைல போனா... ஒரு படகுலயும் சத்தமில்ல."

"ரிப்போர்ட் நல்லா எழுதியிருக்கேன்னு பெரிய ஆபீசர் பாராட்டுனாரு" என்றார்.

எல்லாம் சரியாகிவிடும் சார் என்று ஏதோ உளறினேன்.

சில வருஷம் போனது. நரிக்குடிப் பக்கம் ஒரு ஊரில் சாதிக் கலவரம். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் சர்ச் பள்ளிக்கூடத்தில் அடைக்கலம். சார் அப்போது வேறு ஸ்டேஷன். பந்தோபஸ்துக்கு அங்கே நின்றது நான்.

நாலாம் நாள் மத்தியானம். வெயில், சரியான சாப்பாடு இல்லை, அலுத்துப் போயிருந்தேன். சேசுராஜ் என்று ஒருத்தர் வந்து, "ஆடு மூணு நாளா பட்டினி கெடக்குய்யா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"போங்க, நாங்க பாத்துக்கிறோம்."

எல்லாம் தெரிந்தும் சொன்னேன்.

சாயங்காலம் அவர் ஆட்டுக்கொட்டகை வாசலில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அவர் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

மறுநாள் சார் பஸ் ஏறி வந்துவிட்டார், யூனிஃபார்ம்கூட இல்லாமல். "அந்த மனுசனப் போகச் சொன்னது யாரு ஏட்டு?"

"மேலிடத்து உத்தரவு சார்" என்றேன்.

என் தோளில் கை வைத்தார். "அப்ப உன் மேல தப்பில்லய்யா. என்னைய மாதிரி நீயும் மனசப் போட்டு அலட்டிக்கிறாத."

அதற்குப் பிறகு எத்தனை கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போயிருப்பேன்... ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். கேக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

சார்... எந்த உத்தரவும் வரவில்லை. நானாகத்தான் அனுப்பினேன்.

போய் வாருங்கள் சார்.