துக்க வீட்டில் விடைபெற்றவர்

போன திங்கட்கிழமை காலை மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து போகும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி ஒருவர் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நம் திண்டிவனம் மண்டிக்கு வருகிறவர், முகம் மட்டும் தெரியும்.

“டீச்சர், உங்க பைபிள்காரம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்கிறாங்க. ஜல்தியா கெளம்புனா முகத்தப் பாத்துடலாம்” என்றார்.

நெற்றி நிறைய விபூதி பூசிய அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி இறந்தபோது பைபிள்காரம்மாவான எங்கள் ரூத்தம்மா அவர் வீட்டுக்கும் போய் வந்தார் என்பதை விழுப்புரத்தில்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு ரூத்தம்மாவைத் தெரியும். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சபையின் பைபிள் ஸ்திரீயாகத் திண்டிவனத்தில் நெடுங்காலம் இருந்தவர். வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவது அவர் வேலை. பிறகு விழுப்புரத்தில் அக்காவோடு போய்த் தங்கினார். அவரைப் புனிதவதி என்று எழுதினால் அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவார். கீர்த்தனை எடுத்தால் ஆர்மோனியம் ஒரு வழி போகும், அவர் ஒரு வழி போவார். காப்பியில் சர்க்கரை குறைந்தால் முகம் வாடிவிடும். பள்ளி விடுமுறை நாட்களில் நான் அவரோடு கிராமங்களுக்குப் போவேன். எனக்கு நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அவருக்கோ வழியில் பார்க்கிற எல்லோரிடமும் நின்று பேச வேண்டும். எங்களுக்குள் சண்டை வராத நாள் குறைவு.

துக்க வீட்டில் முதல் நாள் அவர் பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுக்க மாட்டார். நம்மவர்கள் சிலர் பாடை கட்டுவதற்கு முன்பே வசனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பிணத்தின் கால்மாட்டில் நின்று, எல்லாம் நன்மைக்கே என்று ஆரம்பித்து விடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ரூத்தம்மா அவர்களைத் திட்டவும் மாட்டார், பின்பற்றவும் மாட்டார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவார். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

“மொத நாளு வாய்க்கு வேலை இல்ல டீச்சர். கைக்குத்தான் வேலை” என்றார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். அவருடைய இன்னொரு பழக்கத்தைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் வழக்கம். ‘வர்றேன்’ என்றால் சாவும் கூடவே திரும்பி வரும் என்று பயம். எழுந்தால் பேசாமல் போய்விட வேண்டும். நம் குடும்பங்கள் சபைக்கு வந்து தலைமுறை ஆகியிருக்கலாம். ஆனால் ஞானஸ்நானத்தில் நனையாமல் கரையேறிவிட்ட வழக்கம் இது. ரூத்தம்மாவோ ஒவ்வொரு துக்க வீட்டிலும் இழந்து நிற்கிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் வர்றேம்மா” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். சொன்னபடி வரவும் செய்வார்.

ஏன் இந்த வம்பு என்று மயிலம் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். இளவயதிலேயே அவர் கணவர் இறந்துபோனதை அன்றுதான் சொன்னார்.

“வழக்கப்படி எல்லாரும் சொல்லாம எழுந்து போயிட்டாங்க டீச்சர். திரும்பிப் பாக்கறேன், வாசல்ல ஒருத்தரும் இல்ல. ஒருத்தராவது வர்றேன்னு சொல்லியிருந்தா, அவங்களுக்காகவாவது விளக்க ஏத்தி வெச்சிருப்பேன்.”

“கர்த்தர் ஆறுதல் பண்ணினார்னு சாட்சி சொல்வீங்களே. எப்படிப் பண்ணினார்?”

“மறுநாளு பக்கத்து வூட்டு சாயபு சம்சாரம் கஞ்சி எடுத்துக்கினு வந்தாங்க. அதுக்கு மறுநாளும் வந்தாங்க. வேற எப்படி வருவாருன்னு நெனச்சீங்க?”

நான் பிரசங்கங்கள் நிறையக் கேட்டவள். இதற்கு மேல் ஒன்றை இன்னும் கேட்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மயிலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அஞ்சலை என்ற பெண், நம் சபைக்குப் புதிதாக வந்த கூலிக் குடும்பம். ஒரு நிலக்காரரின் கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து அவள் கணவன் இறந்துபோனான். கைக்குழந்தை ஒன்று இருந்தது. அஞ்சலை அழவே இல்லை. கிணறு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரூத்தம்மா வழக்கம்போல அவள் கையைப் பிடித்து “நான் வர்றேன்” என்றார். சுற்றியிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த மழையில் பாதை துண்டுபட்டு, ரூத்தம்மா மறுபடி போவதற்குள் காய்ச்சலில் குழந்தையும் போய்விட்டது. பிறகு கேட்க வேண்டுமா? “அந்தப் பைபிள்காரி வர்றேன்னு சொல்லிட்டுப் போனா, சாவு வந்துடுச்சி” என்று அஞ்சலையின் மாமியார் ஊரைக் கூட்டினார். மறுபடி வந்தால் காலை ஒடிப்பேன் என்றாராம். பேச்சு திண்டிவனம் வரை வந்தது.

சபை மூப்பர் ஒருவர் ரூத்தம்மாவைக் கூப்பிட்டு, “கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போவாதீங்கம்மா. எதுக்கு பேஜாரு?” என்றார்.

“வர்றேன்னு சொல்லிட்டனேங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு போன வாரம் நீங்கதான் பேசினீங்க” என்று சிரித்தார் ரூத்தம்மா. வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. “அந்தப் பொண்ணு கெணத்தையே பாத்துக்கினு இருந்தா டீச்சர். இப்போ கொழந்தையும் இல்ல. எனக்கு பயமா இருக்குது.”

இருவரும் போனோம். வாசலில் மாமியார் வழிமறித்து நின்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்ததை அச்சில் போட முடியாது. நான் ரூத்தம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. அந்த அம்மாள் மூச்சு வாங்க நின்றபோதுதான் ரூத்தம்மா பேசினார்.

“திட்டு தாயி. பெத்த புள்ளயும் போய், பேரப்புள்ளயும் போனா யாரையாவது திட்டாம எப்படி இருக்க முடியும்? வந்தவங்க எல்லாம் மருமவளத்தான் பாத்தோம். நானும் அவ கையத்தான் புடிச்சேன். பெத்தவள ஒருத்தரும் கேக்கல. என் தப்புதான்.”

அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் பேரைச் சொல்லி அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ரூத்தம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார். நாடகம் இல்லை, மூக்கு சிவந்து, முந்தானை நனைய அழுதார். சத்தம் கேட்டு அஞ்சலை உள்ளேயிருந்து வந்து நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

“ரெண்டு தடவ கெணத்து வரைக்கும் போனேம்மா” என்றாள் ரூத்தம்மாவைப் பார்த்து. “நீங்க வர்றேன்னு சொன்னது நெனப்பு வந்துச்சி. வந்து பாத்து, நான் இல்லன்னா என்னா நெனப்பீங்கன்னு திரும்பி வந்துட்டேன்.”

மாமியார் அதை முதல் முறையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மருமகளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

அன்று ரூத்தம்மா கேப்பைக் கூழ் காய்ச்சி இருவரையும் சாப்பிட வைத்தார். கிளம்பும்போது அந்த அம்மாளின் பயத்தை மதித்து, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தார். நாங்கள் வேலிப் படலைத் தாண்டியிருக்க மாட்டோம். பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

“ஏம்மா, சொல்லாம போறியே. எப்போ வருவ?”

அந்த இரண்டு பெண்களும் பிழைத்தார்கள். மாமியார் கடைசிவரை அஞ்சலையின் கையால்தான் சாப்பிட்டார். ரூத்தம்மாவின் அடக்கத்தன்று விழுப்புரத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். அழுதுகொண்டே கூட்டத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரூத்தம்மாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான். துக்க வீட்டுக்கு முதல் நாள் ஊரே போகும், தேவனுடைய இரக்கத்துக்கு ஆள் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். அந்த வேலைக்குப் பேச்சு வன்மை வேண்டாம், நல்ல குரலும் வேண்டாம். போனால் போதும். என்னைப் போன்ற கோபக்காரிக்கும் அது முடியும் என்று அவர் நம்பினார்.

அடக்கத்துக்கு நீங்கள் திரளாக வந்தீர்கள். பாடினீர்கள், மண் போட்டீர்கள், வழக்கப்படி சொல்லாமல் கலைந்து போனீர்கள். அவருடைய அக்கா ராகேல் அம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது. இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் “யாரு?” என்று எழுந்து வருகிறார். வியாழக்கிழமை நான் போகிறேன். வெள்ளிக்கிழமை உங்களில் யார் போகிறீர்கள்?